மேல்வரிசைக் கடைவாய்ப் பல்

ஜூன் 2

அன்புத் தங்கச்சிக்கு,

போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். சின்ன வயதில் என்னோடு சண்டை வந்தால் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வாயே, அந்தப் பிடிவாதம் இன்னும் போகவில்லை. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். மருந்துச் சீட்டு எழுதி எழுதி என் கையெழுத்து உருப்படாமல் போய்விட்டது, பொறுத்துக்கொள்.

பொடிசு எப்படி இருக்கிறாள்? கன்னத்து வீக்கம் முழுசாக வடிந்ததா? மருந்தைக் கடைசி வேளை வரைக்கும் கொடுத்தாயா, வலி போனதும் நிறுத்திவிட்டாயா? உன்னை எனக்குத் தெரியும்.

லீவுக்கு என் வீட்டுக்கு வந்த பிள்ளையை நான் என்னமோ செய்து அனுப்பிவிட்டதாக நீங்கள் இருவரும் நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. கூட்டிப்போக வந்த மாப்பிள்ளை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொடிசு என் முகத்தைப் பார்க்காமலே காரில் ஏறிக்கொண்டாள். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அன்று காலை அவள் எழுந்தபோதே வலது கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழே வரை ஏறியிருந்தது. மேல்வரிசைக் கடைவாயில் ஒரு பால்பல், அதன் அடியில் சீழ். அந்த இடத்துச் சீழைச் சும்மா விட்டுவைக்கக் கூடாது. கிளினிக்குக்குக் கூட்டிப்போய் மரத்துப்போக ஊசி போட்டேன். சீழ் கட்டிய இடத்தில் அந்த ஊசி பாதிதான் வேலை செய்யும். கருவியை வாயருகே கொண்டுபோனதும் உதைத்தாள். நர்ஸக்காவின் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். என் விரலைக் கடித்தாள், நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. கூரான சாமான் கையில் இருக்கும்போது பிள்ளை வெடுக்கென்று தலையைத் திருப்பினால் நாக்கோ கண்ணோ போய்விடும். உனக்குப் போன் பண்ணினேன், பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றேன். பிறகு அவளைப் பலகையில் படுக்கவைத்து, கைகால் அசையாதபடி துணியால் சுற்றினோம். அதற்கென்றே செய்த துணிதான், ஒட்டுப்பட்டை வைத்தது. பல் வந்துவிட்டது. மறுநாளே வீக்கம் இறங்க ஆரம்பித்துவிட்டது.

எங்களைப் பூச்சாண்டியாகப் பார்க்காத பிள்ளை உண்டா? அழும், கத்தும், வெளியே போனதும் மறந்துவிடும். வழக்கம்போல ஒரு கையுறையை ஊதிக் கட்டிக் கண்ணும் மூக்கும் வரைந்து கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது.

கோபம் போனதும் போன் பண்ணு.

உன் அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. படித்தேன். அவரும் படித்தார். இனி நீ எழுதுவதையும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் படிப்போம். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

போன் பண்ணு என்கிறாய். போனை எப்படி எடுப்பேன்? போன வாரம் நீ கூப்பிட்டபோது சமையல் வேலையாக இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டேன். நீ "ஹலோ" சொன்னதும் பொடிசு இரண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். உன் குரல் இந்த வீட்டுக்குள் வர வேண்டாம். அதனால்தான் கடிதம்.

மறந்துவிடும் என்கிறாய். அவள் மறக்கவில்லை. பல் தேய்க்க வாயைத் திறப்பதில்லை. நான் தாடையைத் தொட்டாலே உடம்பு கட்டையாகிறது. ஏழு வயதுப் பிள்ளை, இந்த வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார். "நல்லா பதில் சொல்ற பொண்ணு, இப்பல்லாம் கையே தூக்க மாட்டேங்கிறா, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். சாயந்திரம் அவளைக் கேட்டேன்.

"கை தூக்குனா யாரு பாக்கப் போறாங்க?" என்றாள்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் அப்பாதான் அவளிடம் பேசி விஷயத்தை வாங்கினார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "வலிச்சா இடது கையைத் தூக்கு கண்ணு, பெரியம்மா உடனே நிறுத்திடுவேன்." அப்படித்தானே சொன்னாய்? அவள் கை எங்கே இருந்தது அக்கா? துணிக்குள்ளே இருந்தது. நீதானே கட்டவைத்தாய். துணிக்குள்ளேயே கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறாள். "நான் தூக்குனேன்ப்பா, பெரியம்மா பாக்கலை" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். நீ ஏமாற்றினாய் என்றுகூட அவள் நினைக்கவில்லை. தான் சரியாகத் தூக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ போன் பண்ணினாய். பல் எடுக்க வேண்டும் என்றாய். கட்டப் போகிறேன் என்று சொன்னாயா? என்னிடம் சம்மதம் கேட்டாயா? பெற்றவளைக் கேட்காமல் ஒரு பிள்ளையைக் கட்டிப்போட உன் படிப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? டாக்டர்கள் மேல் வரும் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்கிறதாம். அவர் அதற்கு எழுதப் போகிறார். நான் தடுக்க மாட்டேன்.

உனக்கென்று ஒன்று பிறந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டாய்.

தங்கை


ஜூன் 19

தங்கச்சிக்கு,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். வலித்தது. மறைக்க விரும்பவில்லை. அன்று மத்தியானம் வந்த பிள்ளைகளையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மீதியைத் திரும்பப் படிக்க முடிந்தது.

அந்தக் கையைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும், இருக்காது என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனை வருஷ அனுபவத்தில் அப்படி ஒரு மடத்தனம் செய்வேனா? நர்ஸக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அன்னைக்குப் பொடிசுகிட்ட கையைத் தூக்குன்னு சொன்னேனா?"

"நீங்க எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் அதைத்தானே சொல்வீங்க டாக்டர்."

"கை துணிக்குள்ள இருந்துச்சே."

"ஆமா டாக்டர். நானும்தான் கட்டிட்டுப் பக்கத்துல நின்னேன். நீங்க சொல்றது இப்பல்லாம் என் காதுல ஏறுறதே இல்ல" என்றார்.

என் காதிலும் ஏறவில்லை. அதுதான் நடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், விளக்கைத் திருப்பியதும், என் வாய் தானாக அந்த வரியைச் சொல்லிவிடுகிறது. வீட்டைப் பூட்டும்போது நம்மை அறியாமல் பூட்டை இழுத்துப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. படிக்கிற காலத்தில் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்: பிள்ளைக்கு நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைக் கொடு, பயம் பாதி குறையும் என்று. நிஜமான பேச்சுதான் அது. கை தூக்கிய பிள்ளைகளுக்கு நான் நிறுத்தியும் இருக்கிறேன். ஆனால் அன்று கையைக் கட்டிவிட்டு, அந்தக் கையைத் தூக்கச் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளை என் வார்த்தையை நம்பித் துணிக்குள்ளே கையை அசைத்திருக்கிறது. நான் அதைத் திமிறல் என்று நினைத்து, "இன்னும் இறுக்கிப் பிடிங்க" என்று சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

துணியால் கட்டுவதே பாவம் என்று சொல்ல மாட்டேன். கீழே விழுந்து உதடு கிழிந்து ரத்தம் கொட்டும் பிள்ளையைப் பிடித்துத்தான் தையல் போட முடியும். ஆனால் பொடிசுக்கு அன்று அந்த அவசரம் இருந்ததா என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். சீழைக் கொஞ்சம் வடித்து, மருந்து கொடுத்து, மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து எடுத்திருக்கலாம். வெளியே கூட்டம். அடுத்தடுத்து அழுகைச் சத்தம். நம்ம வீட்டுப் பிள்ளைதானே, அதட்டினால் கேட்கும், கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணமும் இருந்திருக்கும். வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் பெற்றவர்களை உட்காரவைத்து விளக்கியிருப்பேன்.

சம்மதம் கேட்டாயா என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கட்டுவதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறேன், ஏன், வேறு என்ன வழி இருக்கிறது என்று பெற்றவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் சொல்லவில்லை. அதற்குமேல் அந்தப் போன் பேச்சைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

புகார் எழுதுவதென்றால் எழுதட்டும். பொடிசிடம் ஒன்று மட்டும் சொல்லு. அவள் சரியாகத்தான் தூக்கினாள். தப்பு அவளுடையது இல்லை.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

புகார் போய்விட்டது. அவர் எழுதினார், நான் படித்துப் பார்த்தேன், கீழே என் பெயரும் இருக்கிறது. பெற்றவளைக் கேட்காமல் பிள்ளையைக் கட்டினார் என்பதுதான் முதல் வரி. உனக்கு நோட்டீஸ் வரும். வேறு யார் மூலமாகவோ தெரிவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

பிள்ளை இல்லாததைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ சொல்லச் சொன்னதை அவளிடம் சொன்னேன். "நீ சரியாத்தான் தூக்கினியாம், பெரியம்மா சொன்னாங்க" என்றேன். தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் இன்னும் ஏதோ சொல்லப் போவதுபோல. "வேற என்னடா?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் என்னை அப்படித்தான் பார்க்கிறாள். அவரிடம் ஒட்டிக்கொள்கிறாள், அவர் மடியில் படுத்துக்கொள்கிறாள். என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாள் அக்கா. ஏழு வயதுப் பிள்ளை அம்மாவிடம் மரியாதையாக நடந்துகொண்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? ராத்திரி சாப்பாடு போட்டால் "தேங்க்ஸ்மா" என்கிறாள்.

இப்போது இன்னொரு தலைவலி. இடது பக்கமும் ஒரு பல் கெட்டிருக்கிறது. இங்கே ஒரு டாக்டரிடம் போனோம். அவள் வாயைத் திறக்கவே இல்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தும், பழைய எக்ஸ்ரே படத்தை வைத்தும்தான் சொன்னார். இன்னும் சில வாரம் தாங்கும், அதற்குள் பார்த்தாக வேண்டுமாம். அவரிடமும் அந்தத் துணி இருக்கிறது. சுவரில் ஆணியில் தொங்குகிறது, மேலே முயல் படம் போட்டிருக்கிறார்கள். "நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா சட்டப்படி ஒரு பிரச்சினையும் இல்ல, சட்டுன்னு முடிச்சுடலாம்" என்றார். பொடிசின் அப்பா முடியவே முடியாது என்று எழுந்துவிட்டார். எனக்குப் பேனாவைத் தொடவே கை வரவில்லை.

ஒரு பக்கம் உன்மேல் புகார் எழுதிவிட்டு இன்னொரு பக்கம் உன்னிடமே யோசனை கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் கேட்பேன்? அவளை என்ன செய்வது?

தங்கை


ஜூலை 15

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ மட்டும் படி.

முதலில் பல். அந்த டாக்டரிடமே போகலாம். ஆனால் துணியால் கட்டுவதற்குக் கையெழுத்துப் போடாதே. முதல் தடவை நாற்காலியில் உட்காரவைத்து ஏற்றி இறக்கி விளையாட மட்டும் கூட்டிவருகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அடுத்த தடவை கண்ணாடியை அவள் கையில் கொடுத்து அவளே தன் பல்லைப் பார்க்கட்டும். கருவியைக் காட்டச் சொல், சத்தத்தைக் கேட்கவைக்கச் சொல், அப்புறம்தான் வாயில் வைக்க வேண்டும். நேரம் பிடிக்கும், டாக்டர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். அப்படியும் முடியாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கச் சொல். நீ கூடவே இரு. அவள் பார்க்கிற இடத்தில் உட்கார். வெளியே இருங்கள் என்று சொன்னால் எழுந்து போகாதே.

என் கிளினிக்கில் இப்போது இப்படித்தான் செய்கிறேன். கிளினிக்கை நடத்துகிற பெரிய டாக்டருக்குப் பிடிக்கவில்லை. "ஒரு பிள்ளைக்கு இவ்ளோ நேரம்னா நாம கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்கிறார். முந்தாநாள் ஒரு அம்மா, "ரெண்டு அடி போட்டுப் பாருங்க டாக்டர், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். முன்பெல்லாம் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று அந்தப் பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை என்னைத் தூங்கவிடவில்லை. பெற்றவர்கள் சரி என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டீஸ் வந்துவிட்டது. அடுத்த மாதம் விசாரணை. தொழில் செய்யும் உரிமத்தைச் சில மாதம் நிறுத்திவைக்கலாம், மொத்தமாகவும் எடுத்துவிடலாம். ஒரு வக்கீலைப் பார்த்தேன். மனுஷர் கெட்டிக்காரர். முதல் கேள்வியே அதுதான்.

"அம்மாகிட்ட போன்ல கேட்டீங்களா?"

"பல் எடுக்கணும்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. என் தொழிலில் இதைச் சொன்னால் சிரிப்பு வரும். அவர் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க யாரையோ காப்பாத்துறீங்க, அது உங்க இஷ்டம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தப் போனில் நான் பேசியதை உன் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். நீ பேசியதை ஒன்றில்கூட எழுதவில்லை. மாப்பிள்ளை படிக்கிறார், அதனால்தான் என்று நினைத்தேன். அப்புறம், உனக்கே மறந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம். அது மட்டும்தான் தெரிய வேண்டும். ஞாபகம் இருக்கிறதா? சாட்சி சொல்ல வா என்று கூப்பிடவில்லை. சொல்லவும் வேண்டாம். அவளுக்குப் பெரியம்மா இல்லாமல் போனால் பரவாயில்லை. அம்மா இல்லாமல் போகக் கூடாது. அந்தக் கணக்கில்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இனியும் மூடிக்கொண்டிருப்பேன்.

இந்தக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

உன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவரும் படித்துவிட்டார். வரிசையாகச் சொல்கிறேன். இடையில் நிறுத்தினால் எழுத மாட்டேன்.

எனக்கு மறக்கவில்லை. அன்று ஆபீஸ் வேலையாகக் கட்டுமான இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட ஆரம்பித்துவிட்டார்கள், கலவை வண்டி வரிசையில் நிற்கிறது. போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. கம்பி ஓரிடத்தில் வரைபடத்தில் இருப்பதுபோல் இல்லை. மேஸ்திரி கத்துகிறார், இன்ஜினீயர் கத்துகிறார், அந்த நேரத்தில் உன் போன். பின்னால் பொடிசு அலறுகிறாள். நீ, "வாயைத் திறக்க மாட்டேங்கிறாடி, என்ன பண்றது, நாளைக்கு வெச்சுக்கலாமா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "எப்படியாவது பிடிச்சு வெச்சு முடிச்சுடுக்கா, என்னால இப்ப பேச முடியாது." வைத்துவிட்டேன்.

கட்டப் போகிறேன் என்று நீ சொல்லவில்லை. அது நிஜம். அந்த ஒரு நிஜத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் காலம் தள்ளினேன். அவர் கோபப்பட்டபோது நானும் சேர்ந்து கோபப்பட்டேன். உன்மேல் கோபப்படக் கோபப்பட என் வார்த்தை தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் நான் அதைச் சொல்லவே இல்லை என்றுகூட நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று ஆபீஸில் உட்கார முடியவில்லை. சீக்கிரம் கிளம்பிவிட்டேன். பொடிசு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்குப் பெரியம்மா உன்னைப் பிடிச்சு வெச்சது நான் சொல்லித்தான்டா" என்றேன்.

"தெரியும்மா" என்றாள், ஷூ நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"பெரியம்மா கையில கிளவுஸ் இருந்துச்சுல்ல. நர்ஸ் ஆன்ட்டிதான் போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. உன் குரல் கேட்டுச்சு. நீ வேணாம்னு சொல்லுவேன்னு நினைச்சு நான் அழறதை நிறுத்திட்டேன்."

அக்கா, நீ கையுறையோடு நின்றதால் அது ஸ்பீக்கரில் இருந்தது. இது உனக்குத் தெரியும்தானே? அவள் காதில் விழுந்திருக்கும் என்று நாம் இருவருமே நினைக்கவில்லை. அலறுகிற பிள்ளைக்கு எதுவும் கேட்காது என்று நினைத்துவிட்டோம். ஸ்பீக்கரில் போட்டால் எழுந்து போகிறாளே, அது உன் குரலுக்குப் பயந்து இல்லை.

"அப்பாகிட்ட ஏன்டா சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீயும்தான் சொல்லலை" என்றாள். "அப்பா உன்னையும் திட்டுவாங்களோன்னு."

என்னைக் காப்பாற்ற நீ ஒரு பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். இவள் ஒரு பக்கம் மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மட்டும் உங்கள் இருவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு புகார் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அழவில்லை.

அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், உன் கடிதத்தையும் கொடுத்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படித்து முடித்துவிட்டு, "உங்கக்கா இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். "உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்" என்றேன். எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

விசாரணைக் குழுவுக்கு நானே எழுதி அனுப்பிவிட்டேன். போனில் நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, புகாரின் முதல் வரி பொய் என்றும் எழுதியிருக்கிறேன். புகாரை முழுவதும் திரும்ப வாங்கவில்லை. வாங்கக் கூடாது என்றுதான் நீயும் சொல்வாய். கையைக் கட்டிவிட்டுத் தூக்கச் சொன்னதற்கு நீ பதில் சொல்லத்தான் வேண்டும். பிடித்து வைக்கச் சொன்னதற்கு நான் சொல்கிறேன்.

பல்லுக்கு வருகிறேன். நீ எழுதிய மாதிரியே செய்தோம். முதல் தடவை நாற்காலியில் ஏறி இறங்கி விளையாடினாள். அடுத்த தடவை கண்ணாடியைக் கையில் பிடித்து, "ஐயே, கறுப்பா இருக்கு" என்றாள். வீட்டில்கூட அவள் அத்தனை சத்தமாகப் பேசி நாளாயிற்று. டாக்டருக்கே பொறுமை வந்துவிட்டது. முயல் துணியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

நேற்று மூன்றாவது தடவை. இன்று செய்துவிடலாமா என்று டாக்டர் அவளைக் கேட்டார். நான் சுவரோரம், அவள் பார்க்கிற இடத்தில், நீ சொன்ன மாதிரியே உட்கார்ந்திருந்தேன். அவள் யோசித்தாள்.

"செய்யலாம். அம்மா மட்டும் வெளில இருக்கட்டும்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அம்மா இங்கயே இருந்தா உனக்குத் தைரியமா இருக்கும்ல?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கோபமாக இல்லை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

எழுந்து போகாதே என்று நீ எழுதியிருந்தாய். நான் எழுந்தேன். வாசலில் டாக்டர் சம்மதத் தாளை நீட்டினார். "அவகிட்ட கேட்டீங்களா?" என்றேன். "உங்க முன்னாடிதானே கேட்டேன், சரின்னுட்டாளே" என்றார். கையெழுத்துப் போட்டேன். கதவை மூடிவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே டாக்டர் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். மெஷின் ஓடியது. நடுவில் ஒரு தரம் நின்றது. அவள் கையைத் தூக்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். மறுபடி ஓடியது. பக்கத்திலிருந்த அம்மா, "உங்க பொண்ணா? அழவே இல்லையே, கொடுத்துவெச்சவங்க நீங்க" என்றார்.

ஒரு தடவையாவது "அம்மா" என்று கூப்பிடுவாள் என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அக்கா. அவள் கூப்பிடவில்லை.

உன் தங்கை